‘கிளைம்’ என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறுவதற்கு ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் சொல் ‘கிளைம்’. எழுதினால் சி, எல், ஐ, எம், பி என்று ஐந்தே எழுத்து. ‘ஏறு’ என்று ஒரே வார்த்தையில் அர்த்தம் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிறகு ‘கிளைம் டவுன்’ என்று எங்காவது கண்ணில் பட்டால் ‘ஏறி இறங்குவதா, இறங்கி ஏறுவதா’ என்று முழிக்கிறோம். இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

கிளைம் என்றால் ஏறு, அவ்வளவுதானே?

பாதி சரி. மரம், ஏணி, சுவர், பாறை என்று வழக்கமான உதாரணங்களை எடுத்துக்கொண்டால் ‘ஏறு’ கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அங்கெல்லாம் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று, ஆள் மேலே போகிறார். இன்னொன்று, கையால் பற்றி, காலால் ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு போகிறார். தமிழ் ‘ஏறு’ முதல் காரியத்தைச் சொல்கிறது. எப்படிப் போனார் என்பது அதற்கு முக்கியமில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டாவது காரியம்தான் உயிர்நாடி.

இதை உறுதி செய்துகொள்ள உயரமே இல்லாத இடங்களைப் பாருங்கள். ஜன்னல் வழியாக நெளிந்து வெளியே வந்தால் ‘கிளைம் அவுட்’. சின்னக் காரின் பின்சீட்டுக்குள் தலையைக் குனிந்து, முழங்காலை மடக்கி நுழைந்தால் ‘கிளைம் இன்டு’. வேலியைத் தாண்டினால் ‘கிளைம் ஓவர்’. இறுக்கமான உடைக்குள் கையையும் காலையும் நுழைத்துப் போராடுவதற்குக்கூட ‘கிளைம் இன்டு’ என்பார்கள். எதிலும் யாரும் உயரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கை, கால், முட்டி எல்லாம் வேலை செய்கின்றன, அது போதும்.

அப்படியானால் ‘கிளைம் டவுன்’ முரண்பாடு இல்லையா?

இல்லை. பூனை மரத்திலிருந்து நகத்தால் பற்றிப் பற்றி இறங்கினால் அது தாராளமாக ‘கிளைம் டவுன்’.

சொற்பொருளை ஆராய்கிறவர்கள் மத்தியில் இந்தச் சொல் கொஞ்சம் பிரபலமே இதனால்தான். 1980களில் சார்லஸ் ஃபில்மோர், ரே ஜேக்கண்டாஃப் என்ற இரண்டு அமெரிக்க மொழியியலாளர்கள் இதை எடுத்து அலசினார்கள். ஜேக்கண்டாஃப் 1985-இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை முழுக்க இந்த ஒரு வினைச்சொல்லைச் சுற்றியே போகிறது. அவர்கள் கண்டது இதுதான்: மேலே போவது, பற்றி நகர்வது என்று இந்தச் சொல்லுக்கு இரண்டு நிபந்தனைகள். இரண்டும் இருந்தால் உத்தமம். ஒன்று இல்லாவிட்டாலும் சமாளிக்கும். இரண்டும் இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டும்.

சோதித்துப் பாருங்கள். குரங்கு கம்பத்தில் கிளைம் செய்கிறது: இரண்டும் உண்டு. விமானம் கிளைம் செய்கிறது: கை கால் இல்லை, ஆனால் மேலே போகிறது, சரி. ஆள் ஏணியில் கிளைம் டவுன் செய்கிறார்: கீழே போகிறார், ஆனால் பற்றிப் பற்றிப் போகிறார், சரி. ரயில் மலையில் கிளைம் செய்கிறது, சரி. அதே ரயில் மலையிலிருந்து கிளைம் டவுன் செய்தது என்றால் ஆங்கிலம் பேசுகிறவர் முகம் சுளிப்பார். பற்றவும் இல்லை, மேலே போகவும் இல்லை. பாம்பின் கதையும் அதேதான். மரத்தில் மேலே போகும்போது கிளைம் செய்யும், இறங்கும்போது அந்தச் சொல் அதற்கு ஒட்டாது. விலைவாசி கிளைம் செய்யும். கிளைம் டவுன் செய்யவே செய்யாது.

இலக்கணப் புத்தகத்தில் இதை விதியாக யாரும் எழுதி வைத்ததில்லை. இருந்தும் தாய்மொழியாகப் பேசும் சின்னக் குழந்தை இதில் பெரும்பாலும் தடுமாறாது.

‘ஐ கிளைம்ட் தி பஸ்’ என்று சொல்லலாமா?

சொல்லலாம், பஸ்ஸின் பின்பக்கக் கம்பியைப் பிடித்து மேற்கூரைக்குப் போயிருந்தால்.

தமிழில் ‘பஸ் ஏறினேன்’ என்பது இயல்பான வாக்கியம். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் இந்த வேடிக்கை நடக்கிறது. நேராகச் செயப்படுபொருளை வைத்துக் கிளைம் என்றால், அந்தப் பொருளின் மேல்பரப்பு வழியாக உச்சி நோக்கிப் போவதாகப் பொருள். ‘கிளைம் எ ட்ரீ’, ‘கிளைம் எ மவுன்டன்’ என்பதெல்லாம் அப்படி வந்தவை. பஸ், ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன்’. காருக்கு ‘கெட் இன்’. லாரியின் உயரமான கேபினுக்குள் கைப்பிடியைப் பிடித்து ஏறினால் ‘கிளைம் இன்டு’ பொருந்தும், அங்கே உண்மையிலேயே உடம்பு உழைக்கிறது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் இது ‘கிளிம்பன்’. லத்தீனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ இரவல் வாங்கியது இல்லை. ஆங்கிலம் என்ற மொழி உருவான நாளிலிருந்தே அதோடு இருக்கும், ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் எல்லாம் அடங்கிய ஜெர்மானிய மொழிக்குடும்பத்தின் சொத்து. டச்சு மொழியில் இன்றும் ‘கிளிம்மன்’ என்றால் ஏறுவது. ஜெர்மனியில் ‘கிளிம்மன்’ பழைய சொல்லாகிவிட்டது. ஆனால் சிகரத்தை எட்டிப் பிடிப்பதற்கு ‘எர்கிளிம்மன்’ என்று இன்னும் எழுதுகிறார்கள்.

அதற்கும் அப்பால் போனால்தான் சுவாரசியம். இதன் வேர் ஒட்டிக்கொள்வதைக் குறிக்கும் ஒரு ஜெர்மானிய வேரோடு உறவுடையது என்பது சொல்லாய்வாளர்களின் பொதுவான கருத்து. ‘ஒட்டிக்கொள்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘கிளீவ்’ என்று ஒரு பழைய வினை உண்டு. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில், மனிதன் தன் மனைவியோடு இசைந்திருப்பதைச் சொல்லும் இடத்தில் வருவது இந்தச் சொல்தான். துணியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு களைச்செடிக்கு ‘கிளீவர்ஸ்’ என்று பெயர் வந்ததும் இதிலிருந்தே. (‘பிள’ என்ற பொருளிலும் ஒரு ‘கிளீவ்’ இருக்கிறது. எழுத்து அதே, உச்சரிப்பு அதே, பொருள் நேர் எதிர். அது வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல்.) பழைய நோர்ஸ் மொழியில் ‘கிளீஃபா’ என்றால் ஏறுவது, ஒட்டுவதும் ஏறுவதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு அது இன்னொரு சாட்சி. ‘கிளிப்’ போன்ற வேரின் நடுவே ஒரு மெல்லெழுத்து நுழைந்து ‘கிளிம்ப்’ ஆனது. ஆக, ஆதியில் இந்தச் சொல் ‘பற்றிக்கொண்டே மேலே போ’ என்பதுதான். முதல் கேள்வியில் பார்த்த கை கால் சமாச்சாரம் பிற்காலச் சேர்க்கை அன்று, பிறவியிலேயே இருப்பது.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் தோன்றிய எண்ணமும் இல்லை. பிரெஞ்சில் ஏறுவதற்கு ‘கிரம்பே’ என்பார்கள். அது பிடிப்பதைக் குறிக்கும் ‘கிரிப்பே’ என்ற சொல்லின் நடுவே ஒரு மெல்லெழுத்து புகுந்து உண்டான வடிவம். பாதைகூட அச்சாக அதே பாதை. இன்றைய ஜெர்மனியில் ஏறுவதற்குப் பெருவழக்கான சொல் ‘கிளெட்டர்ன்’. இதைத் துணியில் ஒட்டும் முள்காயைக் குறிக்கும் ‘கிளெட்ட’ என்ற சொல்லோடு இணைக்கிறார்கள் அந்த மொழியின் ஆய்வாளர்கள். செருப்பிலும் பையிலும் கிர்ரென்று பிரிக்கிறோமே, அந்த வெல்க்ரோ பட்டைக்கு ஜெர்மன் பெயரிலும் இதே ‘கிளெட்’ இருக்கிறது. மூன்று மொழிகள், மூன்று தனித்தனிச் சொற்கள், மூன்றும் பற்றுவதிலிருந்து புறப்பட்டவை.

‘கிளம்பு’ என்ற தமிழ்ச் சொல்தான் ‘கிளைம்ப்’ ஆனதா?

கேட்பதற்கு ஜோராக இருக்கிறது. தமிழில் ‘கிளம்பு’ என்பதற்குப் புறப்படு என்ற பொருளோடு மேலெழு என்ற பொருளும் உண்டு: தூசி கிளம்பியது, புகை கிளம்பியது. ஒலியும் பொருளும் இப்படிக் கைகோத்து வந்தால் யாருக்கும் சபலம் வரும்.

ஆனால் உறவு இல்லை. இரண்டு சொற்கள் இன்றைக்கு ஒன்றுபோல் ஒலிப்பது உறவுக்குச் சான்றாகாது. ஒவ்வொன்றும் தன் மொழியில் எந்தக் குடும்பத்தில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். கிளம்புக்குத் தமிழிலேயே குடும்பம் இருக்கிறது: கிளப்பு, கிளர், கிளர்ச்சி. எல்லாவற்றிலும் உள்ளிருந்து பொங்கி எழுவதுதான் கரு. ஆங்கிலச் சொல்லின் குடும்பமோ ஒட்டுவது, பற்றுவது என்று போகிறது. பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றனவே தவிர நெருங்கவில்லை. கிளப்பு–கிளம்பு, கிரிப்பே–கிரம்பே என்று மெல்லெழுத்து விளையாடுவது மட்டும் ரசிக்கத்தக்க தற்செயல். அதை ரசிக்கலாம், ஆதாரமாக்கிப் பகிர வேண்டாம்.

கடைசியில் இருக்கும் ‘பி’ ஏன் வாயில் வருவதில்லை?

ஒரு காலத்தில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘கிளிம்பன்’ என்று பி-யை முழுதாக ஒலித்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் சொல்லின் இறுதியில் எம்-மும் பி-யும் சேர்ந்து நின்ற இடங்களில் பி உதிர்ந்தது. இரண்டுக்குமே உதடு மூட வேண்டும். மூடிய உதட்டை மறுபடி வெடித்துத் திறக்கும் வேலையை வாய் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ‘லேம்’, சீப்பைக் குறிக்கும் ‘கோம்’ ஆகியவற்றிலும் நடந்தது இதுவே. எழுத்தில் மட்டும் பி தங்கிவிட்டது.

இதில் ஒரு கூத்தும் உண்டு. கை கால்களைக் குறிக்கும் ‘லிம்’, கட்டைவிரலான ‘தம்’, துணுக்கான ‘கிரம்’, மரத்துப்போன ‘நம்’ ஆகியவற்றில் பழைய காலத்தில் பி கிடையவே கிடையாது. லேம், கோம், கிளைம் எல்லாம் பேசாத பி-யோடு எழுதப்படுவதைப் பார்த்த பழக்கத்தில், இவற்றுக்கும் பின்னாளில் ஒரு பி-யை ஒட்டவைத்தார்கள். ஒலிக்காத எழுத்தைத் தூக்கி எறிவதற்குப் பதில் ஊருக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுப்பது ஆங்கில எழுத்துமுறைக்கே உரிய தாராளம்.

கிளைமிங், கிளைமர், கிளைம்ட் எதிலும் பி-யை ஒலிக்கக் கூடாது. ‘கிளைம்பிங்’ என்று தமிழில் பரவலாக எழுதுகிறோம். படிக்கலாம், ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் விட்டுவிடுங்கள். தட்டுத் தடுமாறி ஏறுவதைக் குறிக்கும் ‘கிளாம்பர்’ என்ற உறவுக்காரச் சொல்லில் பி ஒலிக்கும். அங்கே அது சொல்லின் நடுவில் இருப்பதால் பிழைத்துக்கொண்டது.

‘லிம்’ குறிலோடு இருக்க, ‘கிளைம்’ மட்டும் ஏன் ‘ஐ’ ஆனது?

பழைய ஆங்கிலத்தின் பிற்பகுதியில், எம்-பி, என்-டி, எல்-டி போன்ற இணைமெய்களுக்கு முன்னால் இருந்த குறில்கள் நெடிலாயின. அப்போது ‘கிளிம்ப்’ ‘கிளீம்ப்’ ஆனது. பிறகு சுமார் 1400-இலிருந்து 1700 வரை ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம் மாறின. அந்தப் பெயர்ச்சியில் ‘ஈ’ ‘ஐ’ ஆனது. ‘சைல்ட்’, ‘ஃபைண்ட்’ இரண்டும் இதே வழியில் வந்தவை. லிம்முக்கு அப்போது பி இல்லை. எனவே நீளவும் இல்லை, பெயரவும் இல்லை.

கிளைமாக்ஸ், கிளைமேட் இவையெல்லாம் இதே குடும்பமா?

பார்த்தால் அப்படித்தான் தெரியும். உச்சக்கட்டத்துக்கு ‘ஏறி’ப் போவதுதானே கிளைமாக்ஸ்? ஆனால் இல்லை.

கிளைமாக்ஸ் கிரேக்கச் சொல். ‘கிளீமக்ஸ்’ என்றால் கிரேக்கத்தில் ஏணி. ஏணி என்றாலும் அதன் வேர் ஏறுவதைக் குறிக்கவில்லை. சாய்வதைக் குறிக்கும் ‘கிளீனெய்ன்’ என்ற வினையிலிருந்து வந்தது. சுவரில் சாய்த்து வைப்பதால் ஏணிக்கு அந்தப் பெயர். பேச்சுக்கலையில் ஒரு வாக்கியத்தைவிட அடுத்த வாக்கியம் வலுவாக, படிப்படியாக உயர்த்திக்கொண்டு போகும் அணிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது மெல்ல மெல்ல ஏணி முழுவதையும் விட்டுவிட்டு, உச்சிப்படியை மட்டும் குறிக்க ஆரம்பித்தது. இன்று சினிமாவின் கடைசி அரைமணி நேரத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அந்த உச்சிப்படிதான்.

கிளைமேட்டும் சாய்வுதான். பூமி நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கிச் சாய்ந்து போவதாகக் கருதி, அந்தச் சாய்வின்படி நிலப்பரப்பைப் பட்டைகளாகப் பிரித்தார்கள் கிரேக்கர்கள். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு தட்பவெப்பம் இருக்குமே, சொல் அங்கே போய் நின்றுவிட்டது. ‘கிளினிக்’ அதே குடும்பம்: சாய்ந்து படுக்கும் கட்டிலுக்குக் கிரேக்கத்தில் ‘கிளீனே’, கட்டிலருகே வந்து பார்ப்பது கிளினிக் வைத்தியம்.

இன்னும் ஒரு விஷயம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஏணிக்கான ஆங்கிலச் சொல் ‘லேடர்’ இந்தச் சாய்வுக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் மூலமான இந்தோ-ஐரோப்பிய மொழியின் ‘க’ ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’ ஆகும் என்பது ஒழுங்கான விதி. அதன்படி பழைய ஆங்கிலத்தில் ஏணி ‘ஹ்லேடர்’. பின்னர் முன்னிருந்த ஹ விழுந்துவிட்டது. ஆக லேடரும் கிளைமாக்ஸும் ரத்த சொந்தம். லேடரில் ஏறும் கிளைம் மட்டும் அந்நியன்.

கவிதையில் நிலத்தையோ தட்பவெப்பத்தையோ குறிக்க ‘கிளைம்’ என்றே ஒலிக்கும் இன்னொரு சொல் வரும், பி-க்குப் பதில் இறுதியில் இ இருக்கும். அது கிளைமேட்டின் உடன்பிறப்பு, அதே கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது.

இன்சூரன்ஸ் கிளெய்ம்?

அது வேறு. ‘உரக்கக் கூவு’ என்று பொருள்படும் லத்தீன் வேர். உச்சரிப்பும் ‘எய்’, ‘ஐ’ இல்லை.

இறந்தகாலம் ‘கிளைம்ட்’ மட்டும்தானா? ‘கிளோம்’ என்று எங்கோ படித்த நினைவு.

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். பழைய ஆங்கிலத்தில் இது உயிரெழுத்தை மாற்றி இறந்தகாலம் காட்டும் வினை: கிளிம்பன், கிளாம்ப், கிளும்பன். இன்றைய சிங்–சேங்–சங், ஸ்விம்–ஸ்வாம்–ஸ்வம் இருக்கும் அதே வகுப்பு. காலப்போக்கில் அந்த வகுப்பிலிருந்து பல வினைகள் ‘எட்’ சேர்க்கும் சாதாரண வகுப்புக்கு மாறின. கிளைமும் மாறியது. 1611 பைபிளில் சகேயு அத்திமரத்தில் ஏறும் இடத்தில் ‘கிளைம்ட்’ என்றே இருக்கிறது. ஆனால் 1667-இல் மில்டன் தன் காவியத்தில் ‘கிளோம்’ என்று எழுதினார். 1798-இல் கோல்ரிட்ஜ், கிழக்கே நிலா எழுவதைப் பாடும்போது அதே பழைய வடிவத்தை எடுத்தாண்டார். அதாவது பேச்சில் செத்துப்போன வடிவத்தைக் கவிஞர்கள் நெடுநாள் உயிரோடு வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைப்பகுதி வட்டாரப் பேச்சில் ‘கிளம்’ போன்ற வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன. தேர்வில் எழுத வேண்டியது கிளைம்ட் மட்டுமே.

அசெண்ட், மவுன்ட், ஸ்கேல் எல்லாம் ‘ஏறு’தானே? எதை எப்போது போடுவது?

‘அசெண்ட்’ லத்தீன் வழி வந்தது, கொஞ்சம் பட்டுவேட்டி கட்டிய சொல். அரியணை ஏறுவது, ஆவி விண்ணேறுவது போன்ற இடங்களில் கம்பீரமாக நிற்கும். மரத்துக்கு அதைப் போட்டால் சிரிப்பு வரும். ‘மவுன்ட்’ மலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்து, குதிரையேறுவதில் நிலைபெற்றது. ‘ஸ்கேல்’ என்றால் செங்குத்தான ஒன்றை, பெரும்பாலும் கோட்டைச் சுவரையோ பாறைமுகத்தையோ, உச்சிவரை ஏறி முடிப்பது.

அசெண்ட், ஸ்கேல் இரண்டும் ஒரே வேர், லத்தீன் ‘ஸ்கண்டெரே’, ஏறுதல். இதன் வம்சம் பெரிது. இறங்குவதற்கான டிசெண்ட் இதில்தான் பிறந்தது. ஏணிக்கு லத்தீனில் ‘ஸ்காலா’. ஏணிப்படி போல வரிசையாகக் கோடு போட்டிருப்பதால் பள்ளிக்கூடத்து ஸ்கேலும், வரைபடத்தின் ஸ்கேலும், இசையின் ஸ்கேலும் அந்தப் பெயரைப் பெற்றன. மீன் செதிலும் எடைபோடும் தராசும் ஆங்கிலத்தில் ஸ்கேல்தான், ஆனால் அவை வேறு வேர்.

ஆஸ்பத்திரியில் எடுக்கும் ‘ஸ்கேன்’ வந்த வழி இன்னும் வளைவானது. செய்யுளின் சீர்கள் ஏறி இறங்குவதை அசை பிரித்துக் குறிப்பதுதான் முதலில் ஸ்கேன். அப்படி அசை அசையாக உற்றுப் பார்ப்பதால் ‘நுணுகிப் பார்’ என்று ஆனது. பிறகு பார்வையை ஓட்டுவது, அதன்பின் இயந்திரம். எஸ்கலேட்டரும் இதே ஸ்காலா வழிதான். சார்லஸ் சீபெர்கர் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் உருவாக்கிய பெயர். 1900 பாரிஸ் கண்காட்சியில் லிஃப்ட் தயாரிக்கும் ஓட்டிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து காட்டினார். நிறுவனத்தின் வணிகப் பெயராகத்தான் இருந்தது, ஆனால் எல்லோரும் எல்லா நகரும் படிக்கட்டையும் அப்படியே அழைத்ததால் 1950-இல் அமெரிக்காவில் அந்தத் தனியுரிமை போனது. ‘எஸ்கலேட்’ என்ற வினை எஸ்கலேட்டரிலிருந்து வெட்டி எடுத்தது, எதிர்த்திசையில் இல்லை. போர் மூளும் செய்திகளிலும் அலுவலக மின்னஞ்சல்களிலும் மிரட்டும் அந்தச் சொல்லுக்குத் தாய் ஒரு நகரும் படிக்கட்டு.

ஸ்கண்டெரேக்குச் சமஸ்கிருதத்திலும் ஓர் உடன்பிறப்பு உண்டு: ‘ஸ்கந்த்’, பாய்தல், துள்ளுதல். ஸ்கந்தன் என்ற பெயரை அந்த வினையோடு இணைப்பது வழக்கம்.

விமானத்துக்குக் கை கால் இல்லையே, அதற்கு ஏன் கிளைம்?

மேலே போவது என்ற ஒரு நிபந்தனை நிறைவேறிவிட்டதால் மொழி அனுமதிக்கிறது. விமானிகள் தரையோடு பேசும் வானொலியில் அது வசதியாகவும் இருக்கிறது. அசெண்ட், டிசெண்ட் என்று வைத்திருந்தால் இரைச்சலில் பின்பாதி ஒன்றுபோலவே கேட்கும். கிளைம், டிசெண்ட் என்றால் குழப்பமில்லை.

இரண்டு விமானங்கள் மோதும் அபாயத்தில் நெருங்கினால் விமானி அறையில் உள்ள டிகாஸ் கருவி தானே பேசும். ஒன்றில் ‘கிளைம், கிளைம்’ என்று கேட்டால் மற்றதில் ‘டிசெண்ட், டிசெண்ட்’ என்று கேட்கும். இரண்டு கருவிகளும் தமக்குள் பேசி வைத்துக்கொள்கின்றன. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபெர்லிங்கன் நகருக்கு மேலே, மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா போன பயணிகள் விமானத்தில் கருவி ‘கிளைம்’ என்றது. அதே நேரம் தரைக்கட்டுப்பாட்டு அதிகாரி இறங்கச் சொன்னார். விமானிகள் மனிதக் குரலைக் கேட்டு இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டிலுமாக 71 பேரும் இறந்தார்கள், பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். கருவியும் தரையும் முரண்பட்டால் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்ற விதி அதன்பின் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வலியுறுத்தப்பட்டது.

கொடிகளை ‘கிளைமர்’ என்பது உருவகமா?

இல்லை, நேர்ப்பொருள் என்றே சொல்வேன். பற்றிக்கொண்டு மேலே போவது என்ற பழைய அர்த்தத்துக்கு மனிதனைவிடக் கொடி விசுவாசமாக இருக்கிறது.

இதை யாரும் டார்வின் அளவுக்கு உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஏறு தாவரங்களின் அசைவைப் பற்றி 1865-இல் அவர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். உடம்பு சரியில்லாமல் அறையிலேயே முடங்கியிருந்தபோது தொட்டியில் வளர்ந்த ஹாப் கொடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் நுனி காற்றில் வட்டமடித்துப் பிடிமானம் தேடுவதை நேரம் குறித்தார். வெப்பமான பகல் வேளையில் ஒரு சுற்றுக்குச் சராசரி 2 மணி 8 நிமிடம். தண்டே சுற்றிக்கொள்பவை, இலைக்காம்பால் பிடிப்பவை, பற்றுக்கம்பி நீட்டுபவை, கொக்கியாலும் வேராலும் ஒட்டுபவை என்று ஏறுகிற விதத்தை வைத்தே அவர் கொடிகளைப் பிரித்தார். பற்றும் முறைதான் அடையாளம், எட்டும் உயரம் கணக்கில் இல்லை.

பாறையேற்றக்காரர்கள் சொல்லும் ‘ஃப்ரீ கிளைமிங்’ என்றால் கயிறு இல்லாமல் ஏறுவதா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், தவறு. ஃப்ரீ கிளைமிங்கில் கயிறு உண்டு. ஆனால் அது விழுந்தால் தாங்க மட்டும்; கயிற்றைப் பிடித்து இழுத்து மேலே போகக் கூடாது. விரலும் பாதமும் பாறையை மட்டுமே பற்ற வேண்டும். கயிறே இல்லாமல் ஏறுவது ‘ஃப்ரீ சோலோ’. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் கலிஃபோர்னியாவின் எல் கேபிடன் பாறைமுகத்தில் ஏறியது அந்த வகை.

கயிற்றோடு ஏறும் இருவர் புறப்படுமுன் இந்தச் சொல்லைச் சொல்லியே ஒருவரையொருவர் சரிபார்ப்பார்கள். ஏறுபவர் ‘ஆன் பிலே?’ என்பார், கயிற்றைப் பிடித்திருக்கிறாயா என்று. கீழே இருப்பவர் ‘பிலே ஆன்’. ஏறுபவர் ‘கிளைமிங்’. பதில் ‘கிளைம் ஆன்’. இந்த நான்கு வரி முடியாமல் கால் தரையை விட்டு எழும்பாது.

‘கிளைம் அப்’ என்பது கூறியது கூறலா?

தேவையற்றது என்று சிலர் வெட்டச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டவுன், இன்டு, அவுட், ஓவர் என்று எத்தனையோ திசைகளை ஏற்கும் வினைக்கு ‘அப்’ மட்டும் ஏன் விலக்காக வேண்டும்? சிறு வேறுபாடும் உண்டு. ‘கிளைம் தி மவுன்டன்’ என்றால் பெரும்பாலும் உச்சியை எட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். ‘கிளைம் அப் தி மவுன்டன்’ என்றால் பாதியில் திரும்பியிருந்தாலும் பொய்யாகாது.

பேச்சுவழக்கில் இது எப்படியெல்லாம் வருகிறது?

தாங்க முடியாத சலிப்பிலோ பதற்றத்திலோ தவித்தால் ‘கிளைமிங் தி வால்ஸ்’. முன்னால் பெரிய வேலை கிடந்தால் ‘எ மவுன்டன் டு கிளைம்’. கால்பந்தில் முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கிய அணிக்கு வர்ணனையாளர் தவறாமல் இதைச் சொல்வார். பெரிய இடத்துச் சகவாசத்துக்காக அலைகிறவர் ‘சோஷியல் கிளைமர்’. அதைப் பாராட்டாக யாரும் சொல்வதில்லை.

‘கிளைம்டவுன்’ என்று ஒரே சொல்லாக எழுதினால் பிடிவாதமாகச் சொன்னதிலிருந்து பின்வாங்குவது. பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு, அரசாங்கம் ஓர் அறிவிப்பைத் திரும்பப் பெறும்போதெல்லாம், இது கைவசம் இருக்கும் தலைப்பு. விலை கிளைம் டவுன் செய்யாது என்று மேலே பார்த்தோம், அமைச்சர் மட்டும் எப்படிச் செய்கிறார்? விலை தானாக விழும். அமைச்சரோ தானே ஏறி உட்கார்ந்த கிளையிலிருந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கையையும் காலையும் தேடித் தேடி வைத்து இறங்க வேண்டியிருக்கிறது.